மே மாதம் மட்டும் நான் பொருளியல்காரி இல்லையா?

மண்டலப் பொருளியல் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

கல்லூரியில் பொருளியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் நான் அனுப்பிய சந்தா புதுப்பிப்புப் படிவம் போன வாரம் திரும்பி வந்தது. கூடவே இரண்டு வரிக் கடிதம். 'பணி நிலைச் சான்று இணைக்கப்படவில்லை. திருத்தப்பட்ட விதியின்படி தங்களை இணை உறுப்பினராக மட்டுமே பதிவு செய்ய இயலும்.' கீழே முத்திரை இருந்தது, கையெழுத்து இல்லை. ஒன்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டுகிறேன், ஓராண்டுகூட பாக்கி வைத்ததில்லை. ஐந்து மாநாடுகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன். தலைவர் அவர்களே, அதில் ஒன்றை நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டீர்கள். வெளியே வந்ததும் 'அந்த வட்டிக் கணக்கை எனக்கு அனுப்பி வையுங்கள்' என்றீர்கள். அனுப்பினேன். அன்றைக்கு யாரும் என்னிடம் சான்று கேட்கவில்லை.

சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. யாரையும் ஊர் முன் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. உறுப்பினர்களுக்கு எந்தச் சங்கம் என்று தெரியும். செயலாளருக்குத் தனியாக இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுத வேண்டியதாயிற்று.

புதிய விதி என்ன என்பதை வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். முழு உறுப்பினராக இருக்க வேண்டுமானால், நிரந்தரப் பணியில் இருக்கிறார் என்று அவருடைய நிறுவனத் தலைவர் சான்று தர வேண்டும். முதுகலையும் முனைவர் பட்டமும் பொருளியலிலேயே இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. மற்ற எல்லாரும் இணை உறுப்பினர்கள். கௌரவ விரிவுரையாளர்கள், சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்தில் பாடம் எடுப்பவர்கள், ஆய்வு மாணவர்கள், தொண்டு நிறுவனங்களில் ஒப்பந்தத்தில் கள ஆய்வு செய்பவர்கள், எல்லாரும் இதில் அடக்கம். இணை உறுப்பினருக்கு வாக்கு இல்லை. செயற்குழுத் தேர்தலில் நிற்க முடியாது. மாநாட்டுக் கட்டுரையில் முதல் பெயராக வர முடியாது, ஒரு முழு உறுப்பினருக்குப் பின்னால்தான் பெயர் வரும். சந்தா மட்டும் இருவருக்கும் ஒன்றேதான், ஆண்டுக்கு 1,200 ரூபாய்.

நம் சங்கத்தில் கணக்குத் தெரியாதவர் யாரும் இல்லை, ஆகவே இதையும் போட்டுப் பார்த்துவிடலாம். என் மாதச் சம்பளம் 25,000 ரூபாய், அதுவும் பதினோரு மாதத்துக்கு. 7-ஆவது ஊதியக் குழுப்படி ஒரு பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 1,44,200. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேல். 1,200 ரூபாய் என் மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம். அவருக்கு ஒரு சதவீதம்கூட வராது. இதைத்தான் தேய்வு விகித வரி என்று பொது நிதியியல் வகுப்பில் நடத்துகிறோம், தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்கிறோம்.

விதி திருத்தப்பட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். வெளியூரில் நடந்த சென்ற மாநாட்டின் இரண்டாம் நாள் மாலை, தேநீருக்குப் பிறகு அது நடந்தது. பாதிப் பேர் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். நானும் எங்கள் வட சென்னைப் பக்கத்து மூன்று பேரும் அதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். மறுநாள் காலை வகுப்பு இருந்தது, வராத நாளுக்கு எங்களுக்குச் சம்பளம் கிடையாது. நிகழ்ச்சி நிரலின் கடைசியில் 'இதர பொருள்' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் வாக்கு அந்த ஒரு வரிக்குள் போய்விட்டது. நம்முடையது பதிவு பெற்ற சங்கம். தமிழ்நாட்டின் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி துணை விதியை மாற்ற, முறையாக அறிவிப்புக் கொடுத்துக் கூட்டிய பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 'இதர பொருள்' என்பது அறிவிப்பு ஆகுமா என்று சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும். யாருடைய வாக்கை எடுக்கிறோமோ அவர்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதற்குச் சட்டம் படிக்க வேண்டியதில்லை.

சரி, சான்றுதானே, வாங்கி அனுப்பிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். வாங்கத்தான் போனேன். கல்லூரி அலுவலகத்தில் எங்கள் கோப்புகளைப் பார்க்கும் உதவியாளர் நல்ல மனிதர். என் கோப்பை எடுத்து, தூசியைத் தட்டி, மேசை மேல் விரித்து வைத்தார். 'மேடம், உங்க ஆர்டர நீங்களே பாருங்க.' ஆண்டுக்கு ஒரு தாள், மொத்தம் பன்னிரண்டு தாள்கள். மூலையில் துளையிட்டுப் பச்சை டேக் போட்டுக் கட்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. முதல் ஆண்டுத் தாள் பழுத்துப்போய் மஞ்சளாகிவிட்டது, அதில் இருக்கும் போட்டோவில் நான் ஒல்லியாக இருக்கிறேன். 'இதுல எங்கயும் நிரந்தரம்னு இல்ல. மே மாசம் நீங்க எங்க ரெக்கார்டுலயே இல்ல மேடம். இல்லாதவங்களுக்கு நான் என்னன்னு சர்டிபிகேட் எழுதறது?'

அவர் சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பன்னிரண்டு ஆண்டு வேலை, பன்னிரண்டு மே மாதங்கள். ஒரு முழு ஆண்டு அப்படியே காணாமல் போயிருக்கிறது. அந்த மே மாதங்களில் நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்யாண சீசன், அவர்களுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் தேவை, விலை, கையிருப்பு பற்றி அந்தக் கடை எனக்குச் சொல்லித் தந்தது அதிகம். ஆடித் தள்ளுபடிக்கு எந்தச் சரக்கை எப்போதிலிருந்து ஒதுக்கி வைக்கிறார்கள் என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். எழுதினால் இப்போது யாராவது ஒரு பேராசிரியர் பெயருக்குப் பின்னால்தான் எழுத வேண்டும்.

எங்கள் சம்பளத்தைப் பற்றி இந்த மடலில் முறையிடவில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. அது வேறு வழக்கு, அதை வேறு இடத்தில் பேசிக்கொள்கிறோம். சங்கத்திடம் நான் பேசுவது உறுப்பினர் என்ற ஒரே சொல்லைப் பற்றி.

தலைவர் கேட்டு வாங்கிய அந்த வட்டிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், அப்போதுதான் இந்த விதி எதை வெளியே தள்ளுகிறது என்று புரியும்.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அவள் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்பவர். பணவியல் வகுப்பில் வட்டி விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் ஓர் அட்டையை எடுத்து வந்தாள். உள்ளங்கை அகலம், ரோஸ் நிறம், ஈரம் பட்டுப் பட்டு ஓரம் நைந்து போயிருந்தது. லேசாகக் கருவாட்டு வாசனை. உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள், மொத்தம் 100. ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவால் ஒரு சுழி. தண்டல் அட்டை. 'மிஸ், பத்தாயிரம் தண்டல். கைல எட்டாயிரத்து ஐநூறு குடுப்பாங்க. தினம் நூறு ரூவா, நூறு நாளு. அப்போ நூத்துக்குப் பதினஞ்சு வட்டிதானே?'

வகுப்பையே போடச் சொன்னேன். முதல் நாளிலிருந்தே பணம் திரும்பப் போகிறது. 8,500 முழுசாக ஒரு நாள்கூட அவர் கையில் இருப்பதில்லை, ஐம்பதாவது நாளில் பாதிக்குச் சற்று மேலான அசல்தான் பாக்கி. குறைந்துகொண்டே போகும் அந்த அசலுக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 0.33 சதவீதம் வருகிறது. ஆண்டுக்குப் பெருக்கினால் 120 சதவீதத்தைத் தொடுகிறது, கூட்டு வட்டி போடாமலேயே. அதுவரை கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் அந்த ரோஸ் அட்டை இருக்கிறது.

இதோடு விட்டிருந்தால் எல்லாரும் எழுதும் கட்டுரையாகத்தான் ஆகியிருக்கும். அந்தப் பெண் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். ஒரு வாரம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்: 'வட்டி ஜாஸ்தின்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? ஏலம் விடியக்காலைல மூணு மணிக்கு. பேங்கு மூணு மணிக்குத் தொறக்குமா? கைல காசு இல்லன்னா நல்ல மீன் போயிடும். அப்பறம் மிச்சத்த எடுத்துக்கினு தெருவுல உக்காந்தா எவ வாங்குவா?' மகளிர் குழுக் கடனுக்கும் போயிருக்கிறார். அங்கே வாரத் தவணை, கூட்டத்துக்கு நேரில் போக வேண்டும், விற்பனை நேரம் போய்விடுகிறது. தண்டல்காரர் தெருவிலேயே வந்து வாங்கிக்கொள்கிறார். கட்டுமரமோ விசைப்படகோ, கடலுக்குப் போகாத நாள் வந்தால் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளவும் செய்கிறார். 2003-ஆம் ஆண்டு மிகை வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லித் தடை செய்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் ரோஸ் அட்டை ஏன் இன்னும் அச்சாகிறது என்ற கேள்விக்கு, அந்த 'மூணு மணி'யில் பாதி விடை இருக்கிறது. விலை வட்டியில் மட்டும் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த அம்மா. கட்டுரையில் அதை எழுதினேன், நீங்கள் கேட்டு வாங்கினீர்கள்.

அந்த மாணவி இப்போது முதுகலை படிக்கிறாள். சங்கத்தில் மாணவர் உறுப்பினராகச் சேர ஆசைப்பட்டாள். அதற்கு அதே கல்லூரியின் முழு உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது புது விதி. அவள் படிக்கும் துறையில் நிரந்தர ஆசிரியர் ஒரே ஒருவர். வரும் ஜூனில் அவரும் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு அந்தத் துறையிலிருந்து ஒரு பிள்ளைகூட உங்கள் சங்கத்தில் சேர வழியில்லை. விதியை எழுதியவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். ஒவ்வொரு துறையிலும் ஏழெட்டு நிரந்தர ஆசிரியர்கள் இருப்பார்கள் என்ற நினைப்பில் எழுதிய விதி இது. அப்படி இருந்த காலம் போய் நாளாயிற்று.

செயற்குழுவில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டேன். தரம் காக்கத்தான் இது, பெயரளவுக்கு உறுப்பினராகிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பெருத்துவிட்டார்கள் என்றார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மாநாட்டில் காலையில் பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு மத்தியானம் சாப்பாட்டோடு கிளம்புகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சான்றிதழ் யாருக்குப் பயன்படுகிறது? பணி மேம்பாட்டுக்கு மாநாடுகளையும் கட்டுரைகளையும் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள். எங்களுக்கு மேம்பாடும் இல்லை, படிநிலையும் இல்லை. 25,000-லிருந்து ரயில் டிக்கெட் எடுத்து, லாட்ஜில் மூன்று பேர் ஓர் அறையில் தங்கி, ஒருவன் கட்டுரை வாசிக்கிறான் என்றால் அவனுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஊக்குவிப்புகள் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதும் நமக்கு இது தெரியாமல் போனது வேடிக்கைதான். தரம் வேண்டுமென்றால் கட்டுரையைப் படித்துப் பாருங்கள். ஆணைத் தாளைப் பார்த்தால் அதில் தரம் தெரியாது.

நான் இருக்கும் பக்கத்தில் அம்பேத்கர் சிலை இல்லாத தெருமுனைகள் குறைவு. பிள்ளைகளுக்கு அவரை அரசியல் சட்டம் எழுதியவராகத் தெரியும். முதல் வாரமே நான் சொல்வது, அவர் முதலில் நம்ம துறைக்காரர் என்பதை. கொலம்பியாவிலும் லண்டனிலும் அவர் செய்தது பொருளியல் ஆய்வு. ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய ஆய்வு 1923-ல் அச்சானது. 1925-ல் ஹில்டன் யங் தலைமையில் வந்த இந்திய நாணயம், நிதி பற்றிய அரச ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். அந்த ஆணையம் பரிந்துரைத்த மத்திய வங்கிதான் பின்னால் 1935-ல் ரிசர்வ் வங்கியாகச் செயல்படத் தொடங்கியது. அந்த 1925-ல் அவர் என்ன வேலையில் இருந்தார்? வக்கீல் தொழில், அப்புறம் பம்பாயில் ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதி நேர விரிவுரையாளர். 1928 வரைக்கும் அதைத்தான் பார்த்தார். அதற்கு முன்னால் சைடனம் கல்லூரியில் பேராசிரியராக இருந்ததும் தற்காலிகப் பணியிடத்தில்தான். நம் மாநாட்டு மேடையில் அவர் படம் இருந்தது, மாலை போட்டார்கள். அன்று மாலை நிறைவேற்றிய விதிப்படி பார்த்தால், ஆணையம் கூப்பிட்டுக் கேட்ட அந்த மனிதருக்கு நம் சங்கத்தில் வாக்கு இல்லை.

பட்டம் பொருளியலிலேயே இருக்க வேண்டும் என்ற இன்னொரு நிபந்தனையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2009-ல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி எலினார் ஆஸ்ட்ரம் முனைவர் பட்டம் வாங்கியது அரசியல் அறிவியலில்.

பழங்கதை இன்னும் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916-ல் அவர் மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவரவர் ஊரை விசாரித்து எழுதி வரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் என்று அந்த ஊர்களின் பெயர் நம் எல்லாருக்கும் மனப்பாடம். 1930-களில் பொருளியலாளர்கள் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். அப்புறமும் ஆளுக்கு ஆள் போனார்கள். தமிழ்நாட்டுக் கிராமப் பொருளியலின் அடித்தளம் என்று நாம் மேடையில் பெருமை பேசுவது, பட்டம்கூட வாங்காத பிள்ளைகள் விடுமுறையில் உட்கார்ந்து எழுதிய தாள்களை. எங்களை இல்லாதவர்களாக ஆக்கும் அதே விடுமுறையில்.

இடத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் சங்கம் சென்னையில் நடத்திய கூட்டங்கள் எல்லாமே கூவத்துக்குத் தெற்கே. காரணம் புரிகிறது. மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் அடையாறு காந்தி நகரில் இருக்கிறது, சென்னைப் பொருளியல் பள்ளி கோட்டூர்புரத்தில் இருக்கிறது. ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், அறைகள் அங்கே இருக்கின்றன. அதை நான் குறை சொல்லவில்லை, அந்த நூலகங்களில் உட்கார்ந்துதான் நானும் படித்தேன். ஆனால் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் எல்லாம் கூவத்துக்கு வடக்கே, இந்தப் பக்கம். துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் இந்தப் பக்கம். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று நாம் பாடம் நடத்தும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் தொடங்கியது பெரம்பூரில், இந்தப் பக்கம். அதன் தலைவர் பி. பி. வாடியாவும் கூடவே நின்ற திரு.வி.க.வும் மில் தொழிலாளிகள் இல்லை. பணி நிலைச் சான்று கேட்டிருந்தால் இருவரும் வெளியேதான்.

இந்தப் பக்கத்துக்குப் பொருளியல்காரர்கள் வராமல் இல்லை. வருகிறார்கள், சாம்பிள் எடுக்க. ஒரு முறை ஒரு குழு வந்தபோது என் மாணவர்கள் நான்கு பேர்தான் வீடு வீடாகக் கூட்டிப் போனார்கள். கூவத்துக்கு வடக்கே சாம்பிள், தெற்கே கட்டுரை. கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லும் பத்தியில் 'உள்ளூர் நண்பர்கள்' என்று வந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, வலை ஒன்றின் விலை என்ன, கழுவினால் தேறுமா, படகைத் துடைத்து எடுக்க எத்தனை நாள், அந்த நாள்களில் போன வருமானம் எவ்வளவு என்று தாள்களில் எழுதிக் கணக்கிட்டது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள், அவரவர் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும். எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் இழப்பு மதிப்பீடு என்று தனி அத்தியாயம் இருக்கும். இவர்கள் அதை மண்ணெண்ணெய் வாசனையோடு செய்தார்கள். அந்தக் கணக்குகள் எங்கும் வெளிவரவில்லை. எழுதினால் தமிழில்தான் எழுத முடியும், தமிழில் வந்த கட்டுரையைச் சங்கம் வாங்குவதில்லை. பி.ஏ. பொருளியலைத் தமிழில் படிக்க வைத்துவிட்டு, மூன்று ஆண்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் எழுதினால்தான் காது கொடுப்போம் என்கிறோம்.

ஆஸ்ட்ரமைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது, பொதுவான ஒன்றைப் பங்கிட்டு வாழும் சங்கங்கள் எப்படி நிலைக்கின்றன என்பதைத்தான். விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு விதியை மாற்றுவதில் இடம் இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட நிபந்தனைகளில் ஒன்று. வடக்கே கொஞ்சம் போனால் பழவேற்காட்டில் மீனவர்களின் பாடு முறை இருக்கிறது. எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதை நான் ஆகா ஓகோ என்று புகழ மாட்டேன். பாடு முறையில் இடம் இல்லாதவர்களுக்கு அதுவும் சாத்திய கதவுதான், அதைச் சொல்லிச் சண்டையும் நடந்திருக்கிறது. ஆனால் அங்கே பாடு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது ஊர் கூடிப் பேசும் விஷயம். தேநீருக்குப் பிறகு மிச்சம் இருந்தவர்கள் கை தூக்கி முடிக்கும் விஷயம் இல்லை.

இனி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

பணி நிலைச் சான்று என்ற நிபந்தனையை நீக்குங்கள். யார் உறுப்பினராகலாம் என்பதற்கு அளவுகோல் வேண்டும் என்றால், அவர் பொருளியலில் செய்த வேலை அளவுகோலாக இருக்கட்டும். பாடம் நடத்திய ஆண்டுகள், வாசித்த கட்டுரை, கள ஆய்வு, எது வேண்டுமானாலும். மூன்று பேர் கொண்ட குழு அதைப் படித்துப் பார்த்து முடிவு சொல்லட்டும், என்னுடையதையும் சேர்த்து. எனக்குச் சலுகை வேண்டாம்.

அதுவரை, இந்தத் திருத்தத்தை நிறுத்தி வையுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தனிப் பொருளாக, தீர்மானத்தின் முழு வாசகத்தோடு முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பி, முதல் நாள் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தத்துக்கு முன்பு முழு உறுப்பினர்களாக இருந்த எல்லாருக்கும் அந்தக் கூட்டத்தில் வாக்கு இருக்க வேண்டும். எங்களை வெளியே வைத்துவிட்டு எங்களைப் பற்றி வாக்கெடுத்தால், வருகிற முடிவு எதுவானாலும் நான் ஏற்கமாட்டேன், சங்கப் பதிவாளரிடம் போவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பிறகு சொல்லவில்லை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாணவர் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போடும் உரிமையைத் துறையில் பாடம் எடுக்கும் எவருக்கும் கொடுங்கள். இது பொதுக்குழு வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை, செயற்குழு நாளைக்கே செய்யலாம். ஜூனுக்குள் செய்ய வேண்டும், காரணம் மேலே இருக்கிறது.

சந்தாவை வருமானத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று படிகளாக வையுங்கள். மாநாட்டில் ஓர் அமர்வையாவது தமிழுக்கு விடுங்கள், மதிப்புரை செய்ய ஆள் இல்லை என்றால் நாங்கள் சிலர் இருக்கிறோம். அடுத்த ஆண்டு ஒரே ஒரு கூட்டத்தை இந்தப் பக்கம் நடத்துங்கள். தூரம் என்று சொல்ல முடியாது, 2021 முதல் விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை ஒரே மெட்ரோ ரயில். அறை பார்ப்பது என் பொறுப்பு. ஏசி இருக்கும் என்று உறுதி தர முடியாது.

திரும்பி வந்த படிவத்தை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன், 1,200 ரூபாய்க்கான வரைவோலையோடு. பணி நிலைச் சான்று என்ற இடத்தில், பன்னிரண்டு பணி ஆணைகளின் நகல்களை இணைத்திருக்கிறேன். 'உறுப்பினர் வகை' என்ற கட்டத்தில் 'முழு' என்று எழுதியிருக்கிறேன், அடிக்க வேண்டுமானால் கையெழுத்துப் போட்டு அடியுங்கள்.

பதிலைக் கல்லூரி முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அது வந்து சேரும்போது மே மாதம் ஆகியிருக்கும், அங்கே என் பெயரில் தபால் வாங்க மாட்டார்கள். வீட்டு முகவரி படிவத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
பொருளியல் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.